கழற்றி மாட்டினால் குறி மாறலாமா?

நமது சங்க இதழில் கோயில் கும்பாபிஷேகம், இசை விழா, சமையல் குறிப்பு, பிள்ளைகள் பரிசு வாங்கிய விவரம் இவற்றுக்கு நடுவே துப்பாக்கியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் திகைக்க வேண்டாம். பொங்கல் விழாவில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, ஜெர்மனியில் பெண் வீட்டில் இருந்த நாட்களைப் பற்றி நாலு பேரிடம் சொன்னேன். பக்கத்தில் இருந்த இதழ்க் குழு நண்பர், "சார், இதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பாலிடெக்னிக் பையன்களுக்குப் பிடிக்கும்" என்று பிடித்துக்கொண்டார். அதன் விளைவு இது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் துப்பாக்கி பிடித்தவனல்ல. மெக்கானிகல் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் சேர்ந்து, கரக்பூரில் டீசல் எஞ்சின்களோடு மாரடித்து 2018-இல் ஓய்வு பெற்றவன். ஸ்பானரும் டயல் கேஜும்தான் என் ஆயுதங்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, வேட்டை என்பது குற்றம். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் எதையும் வாங்க ஓட வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது, ஒரு பொருளைக் கழற்றி மறுபடி மாட்டினால் அது பழைய இடத்திலேயே உட்காருமா என்ற கேள்வி. வொர்க்‌ஷாப்பில் வாழ்நாள் பூராவும் என்னை விரட்டிய கேள்வி அது. ஜெர்மனியில் அது ஒரு காட்டுப்பன்றியின் உயிர் பிரிகிற வேதனையாக என் எதிரே வந்து நின்றது.

2022 அக்டோபரில் நானும் என் மனைவியும் பெண் வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளைக்கு பெர்லினில் வேலை. வீடு மட்டும் நகரத்துக்கு வெளியே பிராண்டன்பர்க் மாநிலத்து கிராமம் ஒன்றில். மக்காச்சோள வயல், அதற்குப் பின்னால் பைன் மரக்காடு. அடுத்த வீட்டில் எழுபத்து மூன்று வயதுப் பெரியவர் ஒருவர் தனியாக இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தலையசைப்பார், அவ்வளவுதான். ஒருநாள் மாப்பிள்ளை, "மாமா, அவரும் ரயில்வேதான், பழைய கிழக்கு ஜெர்மனி ரயில்வேயில் லோகோ ஃபிட்டராக இருந்தாராம்" என்று சொன்னதும், நான் வேலிக்கருகில் போய் நின்றுவிட்டேன். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, எனக்கு ஜெர்மன் சுத்தமாக வராது. ஆனால் பிஸ்டன், வால்வு, கப்ளிங் என்று கையால் படம் போட்டுப் பேச இரண்டு ஃபிட்டர்களுக்கு பாஷை எதற்கு? மூன்றாம் நாள் அவருடைய கொட்டகையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் முறைப்படி பரீட்சை எழுதி உரிமம் பெற்ற வேட்டைக்காரர். அங்கே அது பணக்காரர் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து சோளத்தையும் உருளைக்கிழங்கையும் கிளறிப் போட்டுவிட்டுப் போனால், வேட்டை உரிமையைக் குத்தகை எடுத்தவர்தான் பெரும்பாலும் விவசாயிக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு 2020 செப்டம்பரில் அதே பிராண்டன்பர்க் மாநிலத்தில் காட்டுப்பன்றிகளிடம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்கு வராது, ஆனால் பண்ணைப் பன்றிகளை அடியோடு கொன்றுவிடும். ஆகவே பன்றிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று அரசாங்கமே சொல்கிறது.

பன்றியைச் சுடுவதற்கு அங்கே இரண்டு விதமான சந்தர்ப்பம். ஒன்று, இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும் பலர் கூடி, நாய்களை விட்டுக் கலைத்து, ஓடி வரும் விலங்கைக் கிட்டத்தில் சுடுவது. இன்னொன்று, மாலை மங்கும் நேரத்தில் மரப்பரண் மேல் தனியாக உட்கார்ந்து, வயலோரம் வந்து நிற்கும் விலங்கைச் சுடுவது. இரண்டுக்கும் ஒரே தொலைநோக்கி சரிப்படுவதில்லை. துப்பாக்கிக்கு மேலே பொருத்தும் இந்தத் தொலைநோக்கியை இனி ஸ்கோப் என்றே சொல்கிறேன். ஓடும் விலங்குக்கு அகன்ற பார்வை வேண்டும். ஒன்று முதல் ஆறு மடங்கு பெரிதாக்கி, முன் கண்ணாடி 24 மில்லிமீட்டர் உள்ள சின்ன ஸ்கோப் போதும். மங்கிய வெளிச்சத்துக்கு எட்டு மடங்கு, 56 மில்லிமீட்டர் ஸ்கோப். 56-ஐ எட்டால் வகுத்தால் ஏழு. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் ஏழு மில்லிமீட்டர் என்று அர்த்தம். இருட்டில் இளம் வயதினரின் கண்மணி ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் விரியும் என்பதால் அந்தக் கணக்கு. (எங்களைப் போன்ற கிழவர்களின் கண் அவ்வளவு விரியாது, அது வேறு விஷயம்.)

ஒரு துப்பாக்கி, இரண்டு ஸ்கோப். காலையில் இது, மாலையில் அது. இதற்காகத்தான் கருவி எதுவும் இல்லாமல் சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய மவுண்டுகள் வந்தன. ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் இரும்பு அல்லது அலுமினியப் பிடிதான் மவுண்ட்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை அவர் கூட்டு வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். கொட்டகையில் நின்று சின்ன ஸ்கோப்பைக் கழற்றிப் பெரிய ஸ்கோப்பை மாட்டியதை நானே பார்த்தேன். இரண்டு லீவர், இரண்டு சொடுக்கு, அரை நிமிஷம். அன்று மாலை பரண் மேலிருந்து ஏறக்குறைய 80 மீட்டரில் அசையாமல் நின்ற ஒரு பன்றியைச் சுட்டிருக்கிறார். நெஞ்சுக்குக் குறி வைத்தது வயிற்றில் போய்ப் பட்டது. பன்றி காட்டுக்குள் ஓடிவிட்டது.

அங்கே சட்டம் கண்டிப்பானது. காயம்பட்ட விலங்கை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. தேடிக் கண்டுபிடித்து வேதனையை முடித்து வைக்க வேண்டும். மறுநாள் விடிந்ததும் அதற்கென்று பழக்கிய செந்நிற நாய் ஒன்றை நீளமான கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். நானும் மாப்பிள்ளையும் சாலையோரம் காரிலேயே இருந்தோம். இரண்டரை மணி நேரம் கழித்துக் காட்டுக்குள்ளிருந்து ஒற்றை வெடிச் சத்தம். பெரியவர் திரும்பி வந்தபோது முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "ராத்திரி முழுக்க" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்தப் பன்றி ராத்திரி முழுக்க உயிரோடு கிடந்திருக்கிறது என்பதை நான் மாப்பிள்ளையிடம் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன்.

தன் வயதும் கை நடுக்கமும்தான் காரணம், இனிமேல் வேட்டையே வேண்டாம் என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. காலையில் ஒரு பாகத்தைக் கழற்றியிருக்கிறார்கள், மாலையில் வேலை தவறியிருக்கிறது. ஷெட்டில் இப்படி ஒரு கேஸ் வந்தால் டிரைவரையா முதலில் சந்தேகிப்போம்? கழற்றி மாட்டின ஜாயின்டைத்தானே பார்ப்போம்? "டயல் கேஜ் இருக்கிறதா?" என்று கேட்டேன். லோகோ ஃபிட்டர் வீட்டில் இல்லாமல் இருக்குமா! எண்ணெய் போட்ட துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"அப்பா, துப்பாக்கி விவகாரத்துல உங்களுக்கு என்னப்பா வேலை?" என்று பெண் கடிந்துகொண்டாள். விசா, போலீஸ் என்று அவளுக்குக் கவலை. துப்பாக்கியை நான் தொடவில்லை. அவர்தான் தோட்டாக்கள் இல்லை என்று இரண்டு முறை பார்த்து, போல்ட்டை உருவி எடுத்துவிட்டு, கம்பளித் துணி வைத்து வைஸில் பிடித்தார். டயல் கேஜின் காந்தக் காலை வைஸின் மேல் வைக்கப் போனவரைத் தடுத்து, துப்பாக்கிக் குழலின் மேலேயே வைக்கச் சொன்னேன். வைஸின் மேல் வைத்தால், நாம் ஸ்கோப்பை மாட்டும்போது துப்பாக்கி நகர்ந்தாலும் முள் நகரும்; எது அசைந்தது என்று தெரியாது. காந்தக் காலின் அடியில் உள்ள வி வடிவப் பள்ளம் குழலின் மேல் அழகாக உட்கார்ந்தது. முள்ளின் நுனி ஸ்கோப்பின் பக்கவாட்டில், முன் மவுண்டுக்கு அருகே. பூஜ்யத்தில் வைத்து, ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினோம். பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் ரீடிங்கை எழுதினேன்.

மிகக் குறைந்த ரீடிங்குக்கும் மிக அதிகமான ரீடிங்குக்கும் இருந்த வித்தியாசம் 20 புள்ளி. அதாவது 0.2 மில்லிமீட்டர், இரண்டு மூன்று தலைமுடியை அடுக்கின கனம்.

இவ்வளவுதானா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் மவுண்டுக்கும் பின் மவுண்டுக்கும் இடையே 120 மில்லிமீட்டர். பின்பக்கம் அப்படியே இருந்து முன்பக்கம் 0.2 நகர்ந்தால், 600-க்கு 1 என்ற சாய்வு. தண்டவாளத்தில் கிரேடியன்ட் சொல்கிற மாதிரிதான். 600-க்கு 1 என்றால் 100 மீட்டரில் 16 சென்டிமீட்டருக்கு மேல். 80 மீட்டரில் 13 சென்டிமீட்டர். பன்றியின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இலக்கே ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. நடுவில் குறி வைத்தாலும் 13 சென்டிமீட்டர் பின்னால் போனால் வயிறுதான். அதற்கு மேல் அவர் கை நடுக்கம் எவ்வளவு, பன்றி அசைந்தது எவ்வளவு என்பதெல்லாம் ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

அந்த மவுண்ட் ஏதோ ஒரு கடையில் மலிவாகக் கிடைத்தது. பெயரைச் சொல்லிப் பிரயோசனமில்லை. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் குற்றம் இரண்டு இடத்தில் இருந்தது.

துப்பாக்கியின் மேல் ஒரு பல் வெட்டிய சட்டம் திருகப்பட்டிருந்தது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ரெயில்'. கேட்டதும் எனக்குக் காது நிமிர்ந்தது. இதில் இரண்டு ஜாதி. பழையது வீவர். பிந்தியது பிக்கட்டினி, அமெரிக்க ராணுவம் 1995-இல் தரப்படுத்தியது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் பிக்கட்டினியின் குறுக்குப் பள்ளம் 5.23 மில்லிமீட்டர் அகலம், வீவரின் பள்ளம் 4.57. வீவருக்குச் செய்த மவுண்டின் குறுக்குக் கட்டை பிக்கட்டினியின் பள்ளத்தில் தாராளமாக இறங்கும். பொருந்திவிட்டது என்று நாமும் நினைப்போம். ஆனால் 0.66 மில்லிமீட்டர் இடைவெளி அதற்குள் ஒளிந்திருக்கும். இவர் விஷயத்தில் நடந்தது அதுதான்.

முன்னும் பின்னும் நகர்வதால் மட்டும் குறி மாறாது, உண்மைதான். நேர்கோட்டில் நகர்ந்தால் திசை மாறுவதில்லை. ஆனால் சுடும்போது என்ன ஆகிறது பாருங்கள். பன்றி வேட்டைக்குப் பயன்படும் துப்பாக்கியின் குண்டு சுமார் 11 கிராம், வேகம் வினாடிக்கு 800 மீட்டர். நாலு கிலோ துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. அந்த உதை அநேகமாக ஒரு மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடுகிறது. அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. நான் போட்ட தோராயக் கணக்கில், அந்த ஒரு கணத்தில் மவுண்டின் மேல் விழும் இழுவை நூறு கிலோ எடைக்குக் குறையாது. கட்டை பள்ளத்தின் முன் சுவரை ஒட்டி நின்றால் சுவர் அதைத் தாங்கிக்கொள்ளும். இடைவெளி இருந்தால் ஓடி வந்து மோதும். கூட்ஸ் வண்டியில் கப்ளிங் தளர்ந்திருந்தால், எஞ்சின் இழுக்கும்போது ஒவ்வொரு வேகனாக 'டமார் டமார்' என்று அதிருமே, அதேதான். பத்து இருபது தோட்டாவுக்குப் பிறகு அலுமினியம் நசுங்க ஆரம்பிக்கும், பிடி தளரும்.

இரண்டாவது குற்றம், லீவரின் இறுக்கம். நம் பழைய லைன்களில் தண்டவாளத்தைச் சாவி அடித்து இறுக்கியிருப்பார்கள். கீமேன் தினமும் சுத்தியலோடு நடந்து தளர்ந்த சாவியைத் தட்டிக்கொண்டே போவார். பிறகு பாண்ட்ரோல் கிளிப் வந்தது. அது தானே வில்லாக இருந்து அழுத்திக்கொண்டே இருக்கும். நல்ல லீவர் மவுண்டுகளில் உள்ளே அப்படி ஒரு வில்லோ, அல்லது இறுக்கத்தைத் திருத்தும் நட்டோ இருக்கிறது. இவருடைய மவுண்டில் நட்டு இருந்தது. ஆனால் அதைத் தளராமல் பிடிக்க ஒன்றும் இல்லை. முன் லீவரின் நட்டு பாதிச் சுற்றுக்கு மேல் கழன்று போயிருந்தது. லீவர் முழுக்க மடங்கிப் 'பூட்டிவிட்டேன்' என்று முகம் காட்டியது. உள்ளே தாடை ரெயிலை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவே. கையால் லீவரை மூடும்போது ஒரு தயக்கம், ஒரு எதிர்ப்பு தெரிய வேண்டும். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி மூடினால் அங்கே இறுக்கம் இல்லை என்று அர்த்தம்.

இதற்குப் பிறகு அவர் உள்ளே போய் இன்னொரு துப்பாக்கியை எடுத்து வந்தார். அவருடைய அப்பா காலத்தது. தூரிங்கியா மாநிலத்தில் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர் போன ஸூல் நகரத்தில் செய்த மூன்று குழல் துப்பாக்கி. அதிலும் கழற்றி மாட்டும் ஸ்கோப்தான். ஆனால் லீவர் இல்லை, ரெயில் இல்லை. ஸ்கோப்பின் முன்காலில் இரண்டு கொக்கி. அதைத் துப்பாக்கியில் உள்ள பள்ளத்தில் மாட்டி, பின்காலைக் கீழே அமுக்கினால் 'க்ளிக்' என்று விழும். ஸூல் கொக்கி மவுண்ட் என்றே இதற்குப் பெயர். கொல்லன் ஒவ்வொரு கொக்கியையும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கையால் அரம் போட்டு, கரி தடவித் தொடும் இடம் பார்த்துப் பொருத்த வேண்டும். ஒரு துப்பாக்கியின் மவுண்ட் இன்னொன்றில் சேராது. அதையும் டயல் கேஜில் பத்துத் தடவை பார்த்தோம். முள் ஒரு புள்ளி, மிஞ்சினால் இரண்டு புள்ளி அசைந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் பழசு! இருவரும் ஒன்றும் பேசாமல் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இதன் சூட்சுமம் வொர்க்‌ஷாப்பில் நாம் அறியாததல்ல. ஒரு பொருளுக்கு ஆறு விதமான அசைவு உண்டு. முன்பின், இடவலம், மேல்கீழ் என்று மூன்று. இந்த மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்புவது மூன்று. ஒவ்வொரு அசைவையும் ஒரே ஒரு இடத்தில், உறுதியாக, தடுத்துவிட்டால் அந்தப் பொருள் எத்தனை முறை எடுத்து வைத்தாலும் அங்கேயேதான் உட்காரும். ஒரே அசைவை இரண்டு இடத்தில் தடுக்கப் பார்த்தால் இரண்டும் சண்டை போடும். இன்றைக்கு இது ஜெயிக்கும், நாளைக்கு அது. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலி ஆடும், அவ்வளவுதான் சங்கதி. டீசல் எஞ்சினில் எக்ஸ்பிரஸரை இறக்கி ஏற்றினால் கப்ளிங் அலைன்மென்டுக்காக நாங்கள் ஷிம் போட்டு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவோம். டவல் பின் இருக்கும் பாகமோ தானே வந்து உட்காரும். கொக்கி மவுண்ட் டவல் பின் ஜாதி.

பெரியவருக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. "அப்படியானால் எதை வாங்குவது?" என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை மொழிபெயர்க்க, நாங்கள் மூவரும் கேட்லாகுகளைப் பரப்பிக்கொண்டு இரண்டு வாரம் இதே வேலை.

நான் முதலில் கேட்டது, "உங்களுக்கு உண்மையிலேயே கழற்றி மாட்டும் தேவை இருக்கிறதா?" என்றுதான். ஒரே ஸ்கோப் வைத்திருப்பவருக்கு, நிலையாகத் திருகிவிடும் சாதாரண மவுண்டைவிட நல்லது எதுவும் இல்லை. எடை குறைவு, விலை குறைவு, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. ஆனால் இவருக்கு இரண்டு ஸ்கோப் வேண்டும். இன்னொன்றும் சொன்னார்: காயம்பட்ட விலங்கைப் புதருக்குள் தேடிப் போகும்போது ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, குழலின் மேல் உள்ள வெறும் குறிமுனையால் பார்ப்பதுதான் பாதுகாப்பு. நாலடி தூரத்தில் பாய்ந்து வரும் பன்றியை எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் ரோமம்தான் தெரியும்! சரி, தேவை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன்.

புதிய துப்பாக்கிக்குக் கொக்கி மவுண்ட் செய்வதற்கு அந்தக் காலத்துக் கைகள் இப்போது குறைவு. கூலியே துப்பாக்கி விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பிளேஸர் கம்பெனியின் துப்பாக்கிகளில் குழலின் மேலேயே சின்னக் குழிகள் வெட்டி, சேணம் போல ஒரு மவுண்ட் வந்து உட்காருகிறது. குழலோடேயே ஸ்கோப் போய்விடுவதால், இடையில் ரெயில், திருகு என்று எதுவும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு அது. ஆனால் அதற்காக அந்தத் துப்பாக்கியையே வாங்க வேண்டும். அவருக்கு அந்த வசதி இல்லை.

மீதி இருந்தவை இரண்டு வகை. ஒன்று, நல்ல தரமான லீவர் மவுண்ட். இதை எடுப்பதானால் முன்னும் பின்னும் தனித்தனி வளையமாக இல்லாமல், ஒரே துண்டாகச் செய்ததாக எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. தனித்தனியாக இருந்தால் ஸ்கோப்பின் குழாய்தான் இரண்டையும் இணைக்கும் பாலம். அந்த மெல்லிய குழாய் முறுக்கிக்கொள்ளும். ரெயிலும் மவுண்டும் ஒரே தரத்தில் இருக்கின்றனவா, வீவரா பிக்கட்டினியா என்று பார்த்தே ஆக வேண்டும். லீவர் இடது பக்கம் இருப்பது நல்லது. வலது பக்கம் போல்ட் கைப்பிடி இடிக்கும், காலித் தோட்டாக் கூடும் அங்கேதான் துள்ளி விழும். லீவரின் நுனி முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் புதரில் மாட்டித் திறந்துகொள்ளும். அதற்கு ஒரு பூட்டுப் பித்தான் இருந்தால் நிம்மதி.

இரண்டாவது வகை, சுழல் மவுண்ட். ஸ்கோப்பைத் துப்பாக்கிக்குக் குறுக்காகப் பிடித்து, முன்காலை அதன் குழியில் இறக்கி, தொண்ணூறு டிகிரி திருப்பினால், பின்கால் தன் இடத்தில் போய்ப் பூட்டிக்கொள்ளும். முன்கால் ஒரு அச்சாணி, பின்கால் ஒரு தாழ்ப்பாள். நம் வண்டிகளின் போகிக்கு நடுவில் சென்டர் பிவட் இருக்கிறதல்லவா, அந்த யோசனைதான். எடை கொஞ்சம் அதிகம், எஃகில் செய்வார்கள், துப்பாக்கிக்காரரிடம் கொடுத்துத்தான் பொருத்த வேண்டும். ஆனால் தடுக்க வேண்டிய அசைவுகளை ஒவ்வொன்றாகத் தடுக்கிறது.

உயரத்தைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் ஒத்துப் போகவில்லை. பெரிய ஸ்கோப்பின் முன் கண்ணாடி குழலில் இடிக்காமல் இருக்க மவுண்ட் உயரமாக வேண்டும். நானோ, உயரம் கூடக் கூட நெம்பும் விசை கூடும், கன்னமும் கட்டையில் படியாமல் தொங்கும், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள் என்றேன். அவர், குளிரில் கையுறையோடு லீவரைத் திறக்க விரல் நுழைய வேண்டாமா என்றார். அனுபவஸ்தர் சொல்வது சரிதான். பனியில் பரண் மேல் உட்கார்ந்தது அவர், நான் அல்ல.

கடைசியில் அவர் சுழல் மவுண்டையே எடுத்தார். விலை சில நூறு யூரோ. பொருத்திய துப்பாக்கிக்காரர் அடித்திருகுகளைப் பசை போட்டு இறுக்கியதும், வளையத் திருகுகளை டார்க் ஸ்க்ரூடிரைவர் வைத்து இரண்டு நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கியதும் என் கண்ணுக்கு விருந்து. வளையத் திருகை ஆத்திரத்தோடு இறுக்குபவர்கள்தான் ஸ்கோப்பின் குழாயை நசுக்குகிறார்கள்.

நாங்கள் திரும்புவதற்கு நாலு நாள் முன்னால், டிசம்பர் மாதக் குளிரில், 100 மீட்டர் நீளமுள்ள ஒரு சுடும் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனார். எனக்கும் காதுக்கு மூடி கொடுத்தார்கள். சோதனையை எப்படிச் செய்வது என்று நான் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு முறை கழற்றி மாட்டிவிட்டு மூன்று தோட்டா சுட்டுப் பார்த்து, 'சரியாக இருக்கிறது' என்று வீட்டுக்குப் போவதில் அர்த்தமில்லை. அந்த ஒரு தடவை தற்செயலாகவும் சரியாக இருக்கலாம். முதலில் கழற்றாமல் ஐந்து தோட்டா. துப்பாக்கியும் தோட்டாவும் தானாக எவ்வளவு சிதறுகின்றன என்று அதில் தெரிந்துவிடும். பிறகு புதுத் தாளில் பத்துத் தோட்டா. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஸ்கோப்பைக் கழற்றி, அடியைத் துணியால் துடைத்து, மறுபடி மாட்ட வேண்டும். துடைப்பது முக்கியம். மணல் துகள் ஒன்று அடியில் மாட்டினாலே 0.1 மில்லிமீட்டர் போய்விடும்.

கழற்றாமல் சுட்ட ஐந்தும் நாலு சென்டிமீட்டர் வட்டத்தில் இருந்தன. கழற்றி மாட்டிச் சுட்ட பத்து, ஐந்தரை சென்டிமீட்டருக்குள். பெரியவர் ஸ்கேலை வைத்து அளந்தார், நம்பாமல் என்னை அளக்கச் சொன்னார். பிறகு தன் கையை நீட்டி, விரல்களை விரித்து, அது நடுங்குகிறதா என்று தானே பார்த்துக்கொண்டார்.

அந்தப் பத்து ஓட்டைத் தாளை எனக்கே கொடுத்துவிட்டார். கீழே தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம், ஷெட்டில் டெஸ்ட் ரிப்போர்ட்டில் போடுகிற மாதிரி. பெட்டியில் வைக்கும்போது என் மனைவி, "ஏர்போர்ட்டுல பிடிச்சா நான் உங்களைத் தெரியாதுன்னு சொல்லிடுவேன்" என்றாள். பிடிக்கவில்லை. மார்ச் மாதம் மாப்பிள்ளை போனில் சொன்னார்: பெரியவர் மறுபடி பரணுக்குப் போக ஆரம்பித்துவிட்டாராம், ஸ்கோப்பை மாற்றுகிற நாளிலெல்லாம், கிளம்பும் முன் கொட்டகையில் விளக்கு எரிகிறதாம், டயல் கேஜ் வெளியே இருக்கிறதாம்.